தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு: இலக்கணப் பிழைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள், அலுவலகத்தில் தினமும் மின்னஞ்சல் எழுதுகிறவர்கள், நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் மறுபடி மறுபடி கேட்கும் கேள்விகள் இவை. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள், காது பழகட்டும்.

பள்ளிக்கூடம் முழுக்க கிராமர் படித்தேன். பேச ஆரம்பித்தால் மட்டும் தப்பு வருகிறதே, ஏன்?

வாக்கியம் மனதில் தமிழ் இலக்கணப்படி உருவாகிறது, வாய்க்கு வரும்போது சொற்கள் மட்டும் ஆங்கிலமாகின்றன. அதனால் நம் பிழைகள் கண்டபடி வருவதில்லை. தமிழும் ஆங்கிலமும் பிரிகிற இடங்களில்தான் வருகின்றன. சீனர்கள் ஆங்கிலம் பேசும்போது 'ஹீ'யையும் 'ஷீ'யையும் மாற்றிச் சொல்லிவிடுவதுண்டு. அவர்களுடைய மாண்டரின் மொழியில் அவன், அவள் இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை, நமக்கு வேறு சிக்கல்கள்.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு, அதை வகுப்புகளில் யாரும் சொல்வதில்லை. நாம் தவறு செய்கிற பல இடங்களில் சரியான விதி தமிழுக்குள்ளேயே இருக்கிறது. புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, நாம் ஏற்கெனவே பேசுவதைக் கொஞ்சம் கவனித்தால் போதும். கீழே பல பதில்கள் அந்த வழியில்தான் போகின்றன.

'ஐ டிட் நாட் வென்ட்' என்பது ஏன் தவறு? நடந்து முடிந்த விஷயம்தானே?

முடிந்த விஷயம்தான். அதைச் சொல்ல 'டிட்' ஒன்றே போதும், 'வென்ட்' இரண்டாவது முறை சொல்கிறது.

தமிழில் எப்படிச் சொல்கிறோம் என்று பாருங்கள். 'போனேன்' என்கிறோம். மறுக்கும்போது 'போகவில்லை' என்கிறோம். 'போனவில்லை' என்று குழந்தைகூடச் சொல்லாது. 'வந்தேன்', 'வரவில்லை'. 'பார்த்தேன்', 'பார்க்கவில்லை'. 'இல்லை' வந்ததும் வினைச்சொல் இறந்தகால உருவத்தைக் கழற்றிவிட்டு நிற்கிறது. ஆங்கிலத்திலும் இதேதான்: 'ஐ கேம்', 'ஐ டிட் நாட் கம்'. 'ஐ சா', 'ஐ டிட் நாட் சீ'.

கேள்வியிலும் அப்படியே. 'டிட் யூ சா' இல்லை, 'டிட் யூ சீ'. 'டஸ்' வந்தாலும் இதே கதை. 'ஷீ வொர்க்ஸ்' சரி, 'ஷீ டஸ் நாட் வொர்க்ஸ்' தவறு. கடைசியில் உள்ள 'ஸ்' ஏற்கெனவே 'டஸ்'ஸுக்குள் போய்விட்டது.

'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' தவறு என்கிறார்கள், 'ஐ ஆம் ஹேவிங் லன்ச்' சரி என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் தமிழ் இங்கே கையில் விடையைக் கொடுக்கிறது.

செயலைச் சொல்லும் வினைகளுக்கு 'இங்' வரும். நிலையைச் சொல்லும் வினைகளுக்குப் பொதுவாக வராது. இதைப் படித்தால் புரியும், பேசும் வேகத்தில் எது செயல், எது நிலை என்று யார் யோசிக்க முடியும்? அதற்குப் பதிலாக, அந்த வாக்கியம் தமிழில் 'நான்' என்று தொடங்குகிறதா, 'எனக்கு' என்று தொடங்குகிறதா என்று பாருங்கள்.

எனக்குத் தெரியும்: 'ஐ நோ'. எனக்குப் புரிகிறது: 'ஐ அண்டர்ஸ்டாண்ட்'. எனக்கு வேண்டும்: 'ஐ வாண்ட்'. எனக்குப் பிடிக்கும்: 'ஐ லைக்'. எனக்கு நினைவிருக்கிறது: 'ஐ ரிமெம்பர்'. எனக்கு இரண்டு தம்பிகள்: 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்'. எனக்குக் காய்ச்சல்: 'ஐ ஹேவ் எ ஃபீவர்'. எதிலும் 'இங்' இல்லை. மதியச் சாப்பாட்டு உதாரணத்தைப் பாருங்கள்: 'நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்'. 'நான்' வந்துவிட்டது, எனவே 'ஐ ஆம் ஹேவிங் லன்ச்' சரி.

எல்லா இடத்திலும் இது பலிக்காது. 'எனக்குத் தூக்கம் வருகிறது' என்பதற்கு 'ஐ ஆம் ஃபீலிங் ஸ்லீப்பி' என்று தாராளமாகச் சொல்லலாம். 'நான் நம்புகிறேன்' என்பது 'நான்' என்று தொடங்கினாலும் ஆங்கிலத்தில் 'ஐ பிலீவ்'தான். இருந்தாலும் நாம் அதிகம் தடுமாறுகிற 'ஹேவிங்', 'நோயிங்', 'வாண்டிங்' மூன்றையும் 'எனக்கு' நிறுத்திவிடும்.

'சின்ஸ்', 'ஃபார்' எப்போதும் குழப்புகிறது.

'ஐந்து வருஷமாக' என்பதில் 'ஆக' இருக்கிறது, அது 'ஃபார்'. '2019லிருந்து', 'திங்கட்கிழமை முதல்' என்றால் 'சின்ஸ்'. ஒன்று நீளம், மற்றொன்று தொடக்கப் புள்ளி. 'சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று சொல்வது, தமிழில் 'ஐந்து வருஷம் முதல் வேலை பார்க்கிறேன்' என்பதைப் போல ஒலிக்கும்.

இதோடு ஒட்டிவரும் இன்னொரு பிழைதான் அதிகச் சேதம் செய்கிறது. தமிழில் 'ஐந்து வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன்' என்று நிகழ்காலம் போதும். ஆங்கிலத்தில் போதாது: 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. 'ஐ ஆம் வொர்க்கிங்' என்றால் இலக்கணம் இடிக்கும், பொருளாவது ஓரளவு போய்ச் சேரும். 'ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதினால் அந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தமாகிவிடும். வேலை விண்ணப்பத்தில் அனுபவத்தைச் சொல்லும் பகுதியை ஒருமுறை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள்.

'ஹேட்' எப்போது போடலாம்? மரியாதையாக இருக்கும் என்று எல்லா இடத்திலும் போடுகிறேன்.

மரியாதைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 'நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அந்த 'இருந்தேன்'தான் 'ஹேட்' ஆகி வந்து நிற்கிறது: 'ஐ ஹேட் கான் டு மதுரை யெஸ்டர்டே'. தமிழில் 'போயிருந்தேன்' தனியாக நிற்கும், ஆங்கிலத்தில் 'ஹேட் கான்' தனியாக நிற்காது. அதற்குப் பிறகு நடந்த இன்னொரு சம்பவம் கூட வேண்டும்.

'வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்.' நான் போனதும் முடிந்தது, ரயில் கிளம்பியதும் முடிந்தது, அதில் எது முன்னால் என்று 'ஹேட்' காட்டுகிறது. பெரும்பாலும் அந்த வேலைக்குத்தான் அது. 'ஐ ஹேட் சென்ட் த ஃபைல் யெஸ்டர்டே' என்று மட்டும் எழுதினால், படிப்பவர் 'சரி, அதற்கப்புறம் என்ன ஆயிற்று?' என்று காத்திருப்பார். 'ஐ சென்ட் த ஃபைல் யெஸ்டர்டே' போதும்.

'ஐ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே' சரியா? அதுவும் தவறு. நேற்று, போன வாரம், 10 மணிக்கு என்று நேரத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்' கூடாது. நேரம் சொல்லாவிட்டால் 'ஐ ஹேவ் சென்ட் இட்' அழகாக நிற்கும்.

'எ', 'அன்' எங்கே? 'த' எங்கே? இதற்குத் தமிழில் ஒன்றுமே இல்லையே?

இருக்கிறது. 'எ', 'அன்' சுலபமானது. அடுத்து வரும் ஆங்கிலச் சொல்லைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்தில் எழுதுங்கள். முதல் எழுத்து உயிரெழுத்தாக இருந்தால் 'அன்', இல்லையென்றால் 'எ'. 'எம்.எல்.ஏ.' என்பது 'எ'வில் தொடங்குகிறது, ஆகவே 'அன் எம்.எல்.ஏ.' 'யுனிவர்சிட்டி' என்பது 'யு'வில் தொடங்குகிறது, ஆகவே 'எ யுனிவர்சிட்டி'. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் இரண்டிலும் ஏமாந்துவிடுவோம். 'ஆனஸ்ட்' என்ற சொல்லை நாம் 'ஹானஸ்ட்' என்று எழுதிப் பழகியிருக்கிறோம், 'ஒன்' என்பதன் உண்மையான ஒலி 'வன்'. அதனால் 'அன் ஆனஸ்ட் மேன்', 'எ ஒன்-வே ரோடு'. தமிழில் 'ஓர் ஊர்', 'ஒரு மரம்' என்று எழுதுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல.

'த'வுக்கு வருவோம். 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு...' என்று கதை தொடங்குமே, அதில் 'ஒரு ராஜா' என்பது 'எ கிங்', 'அந்த ராஜா' என்பது 'த கிங்'. ஆனால் தமிழில் பல நேரம் 'ஒரு'வும் சொல்வதில்லை, 'அந்த'வும் சொல்வதில்லை. அப்போது இரண்டாம் வேற்றுமை உருபைப் பாருங்கள். 'பேனா எடுத்து வா' என்றால் ஏதாவது ஒரு பேனா: 'பிரிங் எ பென்'. 'பேனாவை எடுத்து வா' என்றால் இருவருக்கும் தெரிந்த அந்தப் பேனா: 'பிரிங் த பென்'. 'த' செய்யும் வேலையை நம் மொழியில் அந்தச் சின்ன உருபு செய்கிறது. ஆட்களைச் சொல்லும்போது மட்டும் இது பயன்படாது. 'ஒரு டாக்டரைப் பார்த்தேன்' என்று அங்கே உருபு எப்போதும் வந்துவிடும்.

பெயர்களில் மனப்பாடம் கொஞ்சம் தேவை. 'இந்தியா'வுக்கு 'த' கிடையாது, 'யுனைடெட் ஸ்டேட்ஸ்'க்கு உண்டு. ஆறுகளுக்கு உண்டு: 'த காவேரி', 'த வைகை'.

'டிஸ்கஸ் அபவுட்' தவறாமே?

ஆமாம். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதில் உள்ள 'பற்றி'தான் 'அபவுட்' ஆகிவிட்டது. 'வி டிஸ்கஸ்ட் த ப்ராஜெக்ட்' என்றால் போதும். 'அவரை' என்பதற்குப் பதிலாக 'அவருடன்' என்று யோசிப்பதால் 'மேரீட் வித்' வருகிறது, சரியானது 'ஷீ மேரீட் ஹிம்', அல்லது 'ஷீ இஸ் மேரீட் டு ஹிம்'. 'ரீச்ட் டு சென்னை' வேண்டாம், 'ரீச்ட் சென்னை'. 'ஆர்டர்ட் ஃபார் டூ காஃபீஸ்' வேண்டாம், 'ஆர்டர்ட் டூ காஃபீஸ்'. 'கோ டு ஹோம்' வேண்டாம், 'கோ ஹோம்'. 'ரிட்டர்ன் பேக்', 'ரிப்பீட் அகெய்ன்' இரண்டிலும் கடைசிச் சொல் வீண்.

'இன்', 'ஆன்', 'அட்' விஷயத்தில் தமிழ் உதவாது. நம்முடைய 'இல்' மூன்றுக்கும் பொதுவாக நிற்கிறது. நேரத்துக்கு மட்டும் ஒரு வரிசையைச் சொல்லித் தருவேன்: மணிக்கு 'அட்', நாளுக்கும் தேதிக்கும் 'ஆன்', மாதத்துக்கும் வருஷத்துக்கும் 'இன்'. இடத்துக்கு, படித்துப் படித்துத்தான் பழக வேண்டும்.

'ஹீ ஆஸ்க்ட் மீ வேர் டூ யூ லிவ்' என்று சொன்னேன், சிரித்தார்கள். என்ன தப்பு?

'எங்கே இருக்கிறாய் என்று கேட்டார்' என்பது தமிழில் முழுக்கச் சரி. 'என்று' இருப்பதால் கேள்வியை அப்படியே தூக்கி உள்ளே வைத்துவிடலாம். ஆங்கிலத்தில் 'என்று' இல்லை, உள்ளே போகும் கேள்வி கேள்வி வடிவத்தை இழந்துவிட வேண்டும்: 'ஹீ ஆஸ்க்ட் மீ வேர் ஐ லிவ்ட்'. அதேபோல் 'டூ யூ நோ வேர் த பேங்க் இஸ்?', 'டெல் மீ வாட் யுவர் நேம் இஸ்'. இந்த இரண்டையும் நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருங்கள், மற்றவை தானாக வழிக்கு வரும்.

'டிடின்ட் யூ ஈட்?' என்று கேட்டால் 'யெஸ்' சொல்வதா, 'நோ' சொல்வதா?

சாப்பிடவில்லை என்றால் 'நோ'.

'சாப்பிடலையா?' என்று அம்மா கேட்டால் 'ஆமாம்மா, சாப்பிடல' என்கிறோம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் கேட்டவரைப் பார்க்கக் கூடாது, நடந்ததை மட்டும் பார்க்க வேண்டும். நடந்தால் 'யெஸ்', நடக்காவிட்டால் 'நோ'.

இது சின்ன விஷயம் இல்லை. தொலைபேசியில் வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்கிறார்: 'ஹேவின்ட் யூ ரிசீவ்ட் த பேமென்ட்?' இந்தப் பக்கம் இருப்பவர், 'ஆமாம், இன்னும் வரவில்லை' என்ற நினைப்பில் 'யெஸ் சார்' என்கிறார். அந்தப் பக்கம், பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நிம்மதியாக ஃபோனை வைத்துவிடுகிறார். இலக்கணப் புத்தகங்களில் இதற்குப் பெரிதாக இடம் கொடுப்பதில்லை, நான் முதல் வாரத்திலேயே கற்றுத்தருகிறேன். தயங்கினால் 'யெஸ்', 'நோ' இரண்டையும் விட்டுவிட்டு முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்: 'வி ஹேவின்ட் ரிசீவ்ட் இட் யெட்'.

'டுடே இட்செல்ஃப்', 'தேர் ஒன்லி' என்று நாம் மட்டும்தான் சொல்கிறோமா?

இந்தியாவில் மற்ற மொழிக்காரர்களும் சொல்கிறார்கள். நமக்கு இது 'இன்றைக்கே' என்பதிலுள்ள ஏகாரத்திலிருந்தும் 'அங்கேதான்' என்பதிலுள்ள 'தான்' என்பதிலிருந்தும் வருகிறது. அழுத்தம் கொடுக்கத் தமிழ் ஒரு ஒட்டைச் சேர்க்கிறது, ஆங்கிலம் குரலை உயர்த்துகிறது. எழுத்தில் குரல் கேட்காது என்பதால் வாக்கியத்தை மாற்ற வேண்டும். 'ராஜாதான் சொன்னான்' என்பது 'இட் வாஸ் ராஜா ஹூ செட் இட்'. 'இன்றைக்கே அனுப்புகிறேன்' என்பதற்கு 'ஐ வில் சென்ட் இட் டுடே' போதும், அவசரம் தெரிய வேண்டுமென்றால் 'பிஃபோர் த எண்ட் ஆஃப் த டே' என்று சேர்க்கலாம்.

'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்' என்பதில் என்ன பிழை?

'என் நண்பனில் ஒருவன்' என்று சொல்வோமா? 'நண்பர்களில் ஒருவன்'. எனவே 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ்'.

இதற்கு நேர்மாறாக, பன்மை கூடாத சொற்களுக்குப் பன்மை போடுகிறோம். ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், லக்கேஜ், அட்வைஸ், எக்விப்மென்ட், ஹோம்வொர்க் எல்லாம் 'ஸ்' ஏற்காதவை. எண்ணிக்கை சொல்ல வேண்டுமென்றால் 'டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ்'.

'எவ்ரிஒன் ஷுட் பிரிங் ஹிஸ் புக்' சரியா, 'தெயர் புக்' சரியா?

'தெயர்' தயங்காமல் எழுதலாம். இன்றைய புதுப் பழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள், 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே இந்த வழக்கு உண்டு. பன்மையாக இருந்த 'அவர்' நம்மிடம் ஒருவரைக் குறிக்க வந்ததே, அதுபோலத்தான்.

வாக்கியத்தை 'பட்' என்று தொடங்கக் கூடாது, 'ஆஃப்', 'டு' போன்றவற்றில் முடிக்கக் கூடாது என்று டீச்சர் சொன்னார்.

பல தலைமுறை ஆசிரியர்கள் நல்லெண்ணத்தோடு சொல்லிவந்த விதிகள் இவை. இரண்டையும் விட்டுவிடலாம். 'பட்', 'அண்ட்' என்று நல்ல ஆங்கில எழுத்தாளர்கள் எல்லாக் காலத்திலும் வாக்கியம் தொடங்கியிருக்கிறார்கள். முடிவில் 'டு', 'வித்' வரக் கூடாது என்ற எண்ணத்தை 1672இல் கவிஞர் ஜான் டிரைடன், தனக்கு முந்தைய நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் வரியைக் குறை சொல்லும்போது எழுப்பினார். 'ஹூ ஆர் யூ டாக்கிங் டு?' என்பதுதான் இயல்பான ஆங்கிலம். இந்தக் கவலைக்குச் செலவிடும் நேரத்தை 'ஹேட்' மீது செலவிடுங்கள்.

'ப்ரீபோன்', 'பாஸ்ட் அவுட்' எல்லாம் தவறா?

'ப்ரீபோன்' (குறித்த நேரத்துக்கு முன்னதாக மாற்றுவது) தவறில்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இந்திய ஆங்கிலச் சொல் என்ற குறிப்போடு இருக்கிறது. நம் நாட்டுக்குள் எழுதும்போது தாராளமாகப் பயன்படுத்துங்கள். வெளிநாட்டவருக்கு எழுதும்போது இரண்டைக் கவனியுங்கள். 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2018' என்றால் அமெரிக்கர் மயங்கி விழுந்ததாக நினைப்பார், 'கிராஜுவேட்டட்' என்று எழுதுங்கள். 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் அவர் சொன்னதை நம்பவில்லை என்று தொனிக்கும், 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று கேளுங்கள்.

என் விடுப்புக் கடிதத்தைத் திருத்தித் தர முடியுமா?

கேட்டு வந்த கடிதம் இது: 'ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ். ஆஸ் ஐ ஆம் நாட் வெல், ஸோ ஐ காண்ட் ஏபிள் டு கம் டு ஆஃபீஸ். கைண்ட்லி கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ் ஒன்லி.'

மேலே பேசிய பல விஷயங்கள் இதில் இருக்கின்றன. 'இரண்டு நாளாக' என்பதால் 'ஃபார்', இன்னும் தொடர்வதால் 'ஹேவ்'. 'ஆஸ்' வந்துவிட்டால் 'ஸோ' கூடாது, ஒரு காரணத்துக்கு ஒரு இணைப்புச் சொல் போதும். ('ஆல்தோ' போட்டுவிட்டு 'பட்' போடுவதும் இதே வகைப் பிழை.) 'காண்ட்' என்பதிலேயே 'முடியாது' இருக்கிறது, 'ஏபிள்' மறுபடி அதையே சொல்கிறது. கடைசி 'ஒன்லி' நம் 'மட்டும்'.

திருத்தியது: 'ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் டூ டேஸ் அண்ட் காண்ட் கம் டு த ஆஃபீஸ். ப்ளீஸ் கிராண்ட் மீ லீவ் டுடே அண்ட் டுமாரோ.' நீளம் குறைந்திருக்கிறது, மரியாதை குறையவில்லை. எந்த இரண்டு நாள் என்ற தகவலும் மேலதிகாரிக்குக் கிடைத்துவிட்டது.

இலக்கணம் திருத்தும் மென்பொருளை நம்பலாமா? வேறு எப்படிப் பழகுவது?

'டிட் வென்ட்', விட்டுப்போன 'த' போன்றவற்றை மென்பொருள் நன்றாகப் பிடிக்கும். நீங்கள் சொல்ல வந்தது என்ன என்று அதற்குத் தெரியாது. 'ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' இலக்கணப்படி சரியான வாக்கியம், நீங்கள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறீர்கள் என்பதை அது எப்படி அறியும்?

நான் சொல்லித் தரும் பயிற்சி எளிது. நீங்கள் ஏற்கெனவே அனுப்பிய மின்னஞ்சல்களைத் திறந்து, தேடும் பெட்டியில் 'ஹேட்' என்று தட்டுங்கள். 'ஹேட் கான்', 'ஹேட் சென்ட்' போல வரும் ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டாவது சம்பவம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த வாரம் 'சின்ஸ்', அதற்கடுத்து 'அபவுட்', 'ஹேவிங்', 'ஒன்லி'. ஒரு வாரத்துக்கு ஒரு சொல்லுக்கு மேல் எடுக்காதீர்கள். தவறான வாக்கியத்தைச் சரிசெய்து நோட்டில் எழுதி, சத்தமாக நாலு முறை படியுங்கள். உங்கள் சொந்த வாக்கியம் என்பதால் அடுத்த முறை அதே வேலைக்காக எழுதும்போது சரியான வடிவம் முதலில் வந்து நிற்கும்.